தேங்காய் எண்ணெய் தேய்த்த இசைத்தட்டு

கப்பல்கள் வருவதை நிறுத்திய பிறகும் தன் பெயரைச் சுருக்கிக்கொள்ளாத துறைமுகம் பண்டகசாலைப்பட்டினம்; அந்தப் பெயரை முழுதாக எழுதும் அளவுக்கு அகலமான பலகை எந்தப் பேருந்துக்கும் வாய்க்காததால் 'பண்ட.பட்டினம்' என்று எழுதிக்கொண்டு ஓடும் பேருந்துகள்தான் இன்றைக்கும் அங்கே போகின்றன. அதில் ஒன்றில் ஏறி, மீன்கூடைகளுக்கும் பள்ளிப் பைகளுக்கும் நடுவில் நின்றபடி போய், பழைய சுங்கச்சாவடி நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வரும் யாரிடமாவது 'பேசுகிற தண்ணீர் எங்கே கிடைக்கும்' என்று கேட்டால், அவர் உங்களை ஏற இறங்கப் பார்க்கமாட்டார். 'பல் டாக்டர் வீட்டுக் கொல்லையில்' என்று கையைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார்.

பல் டாக்டர் லூர்துநாயகிக்கு நாற்பத்தைந்து வயது, இரண்டு பைத்தியங்கள். ஒன்று பல். மற்றது பழைய கிராமபோன் இசைத்தட்டு. இரண்டும் வேறுவேறு என்று அவரிடம் சொல்லிவிட முடியாது; பல்லானாலும் தட்டானாலும் கெடுவது பள்ளத்தில் சேரும் அழுக்கினால்தான், பள்ளத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்தால் இரண்டும் நூறு வருஷம் இருக்கும் என்பது அவர் கட்சி. அரக்குத் தட்டு என்று நாம் மரியாதையாகச் சொல்லும் அந்தப் பண்டத்தில் உண்மையில் அரக்கு கொஞ்சம்தான், அதுவும் மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு பூச்சி கசியவிட்டது. மிச்சமெல்லாம் கல்மாவும் கறுப்புக்குச் சேர்த்த புகைக்கரியும். இந்த மூன்றையும் பிசைந்து, சூட்டில் வைத்து அழுத்தி, அதற்குள் ஒரு பாடகியையும் அவளுடைய பக்கவாத்தியங்களையும் குடிவைத்த மனித குலத்தின் துணிச்சலை ஒரு நிமிஷம் வியந்துவிட்டு மேலே போகலாம்.

டாக்டர் தட்டுக் கழுவும்போது பார்க்கவேண்டும். மெக்கானிக் கடையிலிருந்து பேட்டரித் தண்ணீர் வாங்கி வருவார், ஏனென்றால் ஊர்த்தண்ணீரில் உப்பு அதிகம், அது காய்ந்தால் பள்ளத்தில் பாறையாக நிற்கும். அதில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, கூடினால் மூன்று. கைக்குழந்தைகளுக்கான பல்துலக்கியால் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் தேய்ப்பார், குறுக்கே ஒரு தடவைகூடத் தேய்க்கமாட்டார். ஸ்பிரிட் பாட்டிலைத் தட்டு இருக்கும் அறைக்குள்ளேயே விடமாட்டார், சாராய வகை எதுவானாலும் அரக்கைக் கரைத்துவிடும், பாட்டோடு சேர்த்து. கழுவி நிழலில் உலர்த்திய பிறகு, இரும்பு ஊசிக்குப் பதிலாகக் கடற்கரை வேலியில் மண்டிக்கிடக்கும் சப்பாத்திக்கள்ளியின் முள்ளை உப்புத்தாளில் கூர்தீட்டிப் பொருத்துவார், ஒரு பக்கத்துக்கு ஒரு முள், அது முடிந்தால் வேறு முள். அப்படிக் கேட்கும்போது பாடகி மூச்சு வாங்குவது தெரியும், மிருதங்கக்காரர் தோலில் விரலை இழுப்பது தெரியும், வயலின்காரருக்குப் பாடகிமேல் ஏதோ கோபம் என்பதுகூடத் தெரியும். பல் பிடுங்க வந்தவர்கள் வாயைத் திறந்தபடியே கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் காலை, ஏலத்தில் வாங்கிய ஒரு தட்டைக் கழுவிவிட்டு, அழுக்குத் தண்ணீரை அகலமான எவர்சில்வர் தட்டோடு கொல்லை வெயிலில் வைத்துவிட்டு டாக்டர் உள்ளே வந்தார். கிளினிக்கில் நோயாளிகளை வரிசையில் விடும் அந்தோணிக்கண்ணு பின்வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். யாரோ இருமினார்கள். டம்ளர் ஒன்று தரையில் வைக்கப்பட்டது. பிறகு ஒரு குரல், "கதவச் சாத்துய்யா, காத்து உள்ள வருது" என்றது. அந்தோணிக்கண்ணு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தார். ஆள் யாரும் இல்லை. தட்டில் தண்ணீரின் விளிம்பு உலர்ந்து உள்வாங்கிக்கொண்டிருந்தது. உலர உலரப் பேசிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, தண்ணி பேசுது."

"பேசட்டும். அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

இதற்குக் காரணம் சொன்னவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் சந்தானகோபாலன். ஊசி பள்ளத்திலிருந்து பாட்டை எடுக்கும்போதே அந்த அறையில் நடப்பதையும் பள்ளத்தின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியவிடுகிறது, பாடும் ஒவ்வொரு தடவையும் ஒரு படலம், நாம் கரகரப்பு என்று திட்டுவதெல்லாம் அந்த வீடுகளின் பேச்சுதான், கழுவினால் தண்ணீருக்கு வருகிறது, காய்ந்தால் காற்றுக்குப் போகிறது என்று அவர் டீக்கடையில் விளக்கினார். ஊர் பொறுமையாகக் கேட்டது. கேட்டுவிட்டு, "ஒரு தடவதான் பேசுமா, மறுபடி தண்ணி ஊத்துனா மறுபடி பேசுமா?" என்று கேட்டது. ஒரே தடவைதான் என்றார். அதுதான் ஊருக்குத் தெரியவேண்டியிருந்தது. மற்றதை அவரே வைத்துக்கொண்டார்.

பரணிலிருந்தும் கட்டிலுக்கடியிலிருந்தும் தட்டுகள் வெளியே வந்தன. தண்ணீர்ப் பானைக்கு மூடியாக இருந்தவை வந்தன. நடுவில் முள் வைத்துச் சுவர்க்கடிகாரமாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றும் நேரத்தை நிறுத்திவிட்டு வந்தது. டாக்டர் கழுவித் தருவார், அழுக்குத் தண்ணீரை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போய் அகலமான தட்டில் காயவைத்துக் கேட்கலாம், சுத்தமான பாட்டை டாக்டர் ஒருதடவை கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பார் என்பது ஏற்பாடு. உச்சிவெயிலில் வைத்தால் தண்ணீர் அவசரமாகக் கீச்சுக்குரலில் பேசுகிறது, வீட்டுக்குள் வைத்தால் தூங்கி வழிகிறது, தென்னங்கீற்று நிழலே சரியான வேகம் தருகிறது என்று ஊர் தானாகவே கண்டுபிடித்தது. தெற்குத்தெரு அலமேலு, தட்டிலிருந்து மாமனார் செருமியதும் பழக்கத்தில் எழுந்து ஓரமாக நின்றுகொண்டாள். அவர் காலமாகி வெகுகாலம். பழைய காலத்து நாய் ஒன்று தண்ணீரிலிருந்து குரைக்க, இந்தக் காலத்து நாய்கள் தெருமுனை வரைக்கும் பதில் சொல்லிக்கொண்டே போயின. பங்குச் சாமியாரும் பள்ளிவாசல் இமாமும் கோயில் குருக்களும் ஒன்றாக வந்து ஒரு தண்ணீர்த் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கடைசிவரை கேட்டுவிட்டு, "இது ஆவியில்ல, ஈரம்தான்" என்று ஒரே முடிவுக்கு வந்தார்கள். மூவரும் ஒத்துப்போனதைத்தான் ஊர் அந்த வாரத்து அதிசயமாகப் பேசியது.

புதிதாகக் கட்டிய வீட்டுவசதிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குப் பழைய தட்டு ஏது? சுவரெல்லாம் ஊமையாக இருக்கிறது, படுத்தால் தூக்கம் வரவில்லை என்று சொல்லி, எடுத்துப்போகச் சொந்தக்காரர் வராத தண்ணீரை அவர்கள் பாட்டிலில் வாங்கிப்போய் வீட்டுக்குள் தெளித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில், ஈரத் தரை காயும்போது யாருடைய மாமியாரோ "இதுவா கோலம், கோழி நடந்த மாதிரி" என்று சொல்லிவிட, புதுப்பெண் தன் மாமியார்தான் ஒளிந்திருந்து சொல்கிறார் என்று நினைத்துப் பெட்டியைக் கட்டிவிட்டாள். தண்ணீர் என்று தெரிந்ததும், "அப்ப சரி" என்று பெட்டியைப் பிரித்தாள். மீதித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டியதில் கடைத்தெருச் சாக்கடை ஒரு வாரம் தனக்குத்தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அதன்பிறகு, கழுவிய தண்ணீரைப் பொது இடத்தில் ஊற்றக்கூடாது என்று நகராட்சி தண்டோரா போட்டது.

இதில் மகிழ்ச்சியில்லாதவர் டாக்டர் ஒருவர்தான். "நான் எடுக்கறது சுத்தமான குரல். அத யாரும் கேக்க மாட்டேங்கறீங்க. அழுக்குக்கு வரிசையில நிக்கறீங்க. பல்லுல எடுத்த காரையப் பொட்டலம் கட்டிக் குடுங்கன்னு எவராவது கேப்பாங்களா?" என்பார். ஊர் பாத்திரத்தை நீட்டும்.

ஊருக்கே மூத்த அக்காவான ஜெய்னம்பு லாத்தா அந்த வரிசையில் நிற்கவில்லை. வரிசையைப் பார்த்து, "தள்ளு" என்றார், வரிசை தள்ளிக்கொண்டது. ஊரில் பாதிப்பேர் காலையில் சாப்பிடும் இடியாப்பம் அவர் கையால் பிழிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அவர் ஒரு சொல் சொன்னால் அது மறுநாள் காலை உணவைப் பற்றிய சொல்லாகவும் ஆகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பச்சைப் பட்டுத்துணியில் சுற்றியிருந்த தட்டை மேஜைமேல் வைத்தார்.

"எங்க வாப்பா பினாங்குலேருந்து பாட்டுப் பெட்டியோட கொண்டாந்தது. உம்மா இருந்த வரைக்கும் வீட்டுல பாடிச்சு. உம்மா கண்ண மூடி மவுத்தாகும்போது எனக்கு ஒம்பது மாசம். அன்னைக்கிப் பெட்டியப் பூட்டுன மனுசன் அப்புறம் தொறக்கவே இல்ல, தட்டு மட்டும் வெளிய நின்னுபோச்சு. எனக்கு உம்மாவோட படம் கெடையாது. அந்தக் காலத்துல எங்க வீட்டுப் பொம்பளைங்கள யாரு படம் புடிச்சா? அவங்க குரலு எப்படின்னு சொல்லவும் இப்ப ஆளு யாரும் இல்ல. பெரியம்மா இருந்தப்ப ஒரு நாளு குயிலும்பாங்க, ஒரு நாளு சங்கும்பாங்க." தட்டை டாக்டர் பக்கம் தள்ளினார். "எனக்குப் பாட்டு வேணாம் டாக்டரு. அது உனக்கு. எனக்கு எங்க உம்மா குரலு. ஒரு தடவ போதும்."

டாக்டர் துணியைப் பிரித்தார். தட்டு கண்ணாடிபோல மின்னியது. விரலை வைத்தார், வழுக்கியது. மோந்து பார்த்தார்.

"லாத்தா, இது என்ன?"

"தேங்காயெண்ண. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம தேச்சிடுவேன். மேல ஒரு சொட்டு அத்தர்."

"எவ்ளோ காலமா?"

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து."

"யாரு உங்களுக்கு எண்ண தேய்க்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? கறுப்பா, வட்டமா, பளபளன்னு இருந்தா அதுக்கு எண்ணதான தேய்ப்பாங்க?" என்று கேட்டபடி ஜெய்னம்பு தன் கொண்டையைத் தொட்டுக்கொண்டார்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். பள்ளம் என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. அரை நூற்றாண்டின் வெள்ளிக்கிழமைகள் அதில் படிந்து பிசினாக இறுகியிருந்தன. ஆனால் திட்டுவதற்கு எடுத்த வாயை மூடிக்கொண்டார். எண்ணெய்க்கு அடியில், ஊறுகாய்க்குள் மாங்காய்போல, அழுக்கு முழுவதும் அப்படியே இருந்தது. ஒரு தூசிகூட வெளியே போகவில்லை. அத்தரிலும் சாராயம் கலக்காத அத்தராகப் பார்த்து அந்த வீட்டில் வாங்கியிருந்ததால் அரக்கும் பிழைத்திருந்தது. கடைகளில் விற்கும் வாசனைத் தண்ணீரைத் தெளித்திருந்தால் முதல் வருஷமே பாடகி, வயலின், உம்மா எல்லோரும் சேர்ந்து கரைந்திருப்பார்கள்.

"இருக்காங்க," என்றார் டாக்டர். "ஆனா எண்ணய எடுக்காம வெளிய வரமாட்டாங்க. இத்தன எண்ணைக்கு ரெண்டு சொட்டு சோப்பு காணாது. ஸ்பிரிட்டு போட்டா எண்ண போயிடும், தட்டும் போயிடும். ரெண்டாவது தடவ கழுவிப் பாப்போம்னு சொல்லவும் முடியாது."

ஒரு வாரம் டாக்டர் பல் பிடுங்கும்போதும் அதையே யோசித்தார். சனிக்கிழமை தன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போனபோது, குளியலறைக் கதவு வரைக்கும் போய், அப்படியே திரும்பி வந்து அந்தோணிக்கண்ணுவை நாட்டுமருந்துக் கடைக்கு அனுப்பினார். பட்டுப்புடவைக்கும் தங்க நகைக்கும் நோகாத பூந்திக்கொட்டை, அரக்குக்கு நோகுமா? உடைந்துபோன ஒரு பழைய தட்டுத் துண்டில் தேங்காயெண்ணெய் பூசிச் சோதித்துப் பார்த்தார். எண்ணெய் போனது, அரக்கு நின்றது. நாள் குறித்தார்கள்.

சத்தம் போடாமல் இருப்பதற்குப் பண்டகசாலைப்பட்டினத்துக்குப் பயிற்சி கிடையாது. இருந்தாலும் ஜெய்னம்புவின் உம்மா பேசப்போகிறார் என்றதும் ஊர் முயன்றது. மூன்று வழிபாட்டு இடங்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுத்தினார்கள். பஜ்ஜிக்கடை வெள்ளைச்சாமி, தன் எண்ணெய்ச்சட்டியின் பொரிச்சலையும் இசைத்தட்டின் பொரிச்சலையும் யாராலும் பிரிக்க முடியாது என்று பெருமையோடு சொல்லி அடுப்பை அணைத்தார். கறிக்கடை காதர், நாய்கள் வாயைத் திறக்காமல் இருக்கும்படி ஆளுக்கொரு எலும்பு போட்டார். எட்டாம் நம்பர் பேருந்தின் டிரைவர் சுங்கச்சாவடிச் சரிவில் இன்ஜினை அணைத்து வண்டியைத் தானாக உருட்டிக்கொண்டு வந்தார். கொல்லையில் தென்னங்கீற்று நிழலில் குழந்தை குளிப்பாட்டும் தொட்டி. பக்கத்தில் நாற்காலியில் ஜெய்னம்பு லாத்தா, நல்ல சேலை கட்டி, முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு. வேலிக்கு வெளியே ஊர்.

தட்டின் நடுக் காகிதம் நனையாதபடி இரு பக்கமும் மூடி வைத்து இறுக்கிவிட்டு, டாக்டர் அதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் இறக்கித் துலக்கியால் வட்டமாகத் தேய்த்தார். எண்ணெய் மெல்ல இளகியது. அப்போதுதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது, எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான்: தண்ணீர் நுரைத்தது. இரண்டு சொட்டு சோப்புக்கு நுரை வந்ததில்லை. பூந்திக்கொட்டைக்கோ நுரை தொட்டியின் விளிம்புக்கு ஏறி, மேலே குவிந்து, குமிழி குமிழியாகப் பிரிந்தது. ஒரு குமிழி டாக்டரின் மணிக்கட்டில் உடைந்தது. அதிலிருந்து ஒரு நாற்காலி நகர்ந்தது. இன்னொன்று உடைந்தது; ஒரு குழந்தை விக்கியது. தண்ணீர் காய்வதற்கு முன்னால், சத்தமெல்லாம் நுரையில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது, குமிழிக்கு ஒன்றாக.

"யாரும் மூச்சு விடாதீங்க!" என்று டாக்டர் கத்தினார்.

கடலுக்கு அது கேட்கவில்லை. நண்பகலில் எழும்பும் காற்று அன்றைக்குக் கொஞ்சம் முன்னதாக எழும்பி, வேலியைத் தாண்டி உள்ளே வந்து, நுரையை வாரி எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டது. நீலமும் ரோஜாவுமாக மின்னிக்கொண்டு ஜெய்னம்புவின் உம்மா ஊர்மேல் மிதந்து போனார்.

"புடிங்கடா!" என்றார் ஜெய்னம்பு. அவர் குரல் அப்படி உடைந்து ஊர் கேட்டதில்லை.

ஊர் ஓடியது. "கைய நனச்சுக்குங்க! காஞ்ச கை பட்டா உடஞ்சிடும்!" என்று சந்தானகோபாலன் வாத்தியார் கத்த, அவர் வாழ்க்கையில் சொன்ன இயற்பியலில் ஊர் உடனே கடைப்பிடித்தது அது ஒன்றைத்தான். குழாயடியில் கை நனைத்துக்கொண்டும், மீன்கூடை ஐஸில் கை தேய்த்துக்கொண்டும், இமாம் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டியில் முழங்கைவரை முக்கிக்கொண்டும் ஓடினார்கள். உள்ளங்கையில் குமிழியை ஏந்திக்கொண்டு மூச்சைப் பிடித்து நடந்து வந்தவர்கள் ஏராளம். ஜெய்னம்புவின் நாற்காலிக்கு இரண்டடி இருக்கும்போது அத்தனையும் உடைந்தன, ஏந்தியவர் காதுக்கு மட்டும் கேட்டன. கடைசிக் குமிழியும் பாய்க்கடைக் கூரைமேல் போய் மறைந்தது. தொட்டியில் வெறும் பழுப்புத் தண்ணீர் இருந்தது. அது காய்ந்தால் பேசுமா என்று ஒரு சொட்டை வெயிலில் விட்டுப் பார்த்தார் டாக்டர். பேசவில்லை.

ஜெய்னம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஊருக்கே கேட்டுச்சு," என்றார். "எனக்குத்தான் கேக்கல."

கேட்டவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சும்மா போக யாருக்கும் மனம் வரவில்லை. தபால்காரம்மா மல்லிகேஸ்வரி முதலில் வந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "'ஏங்க, ஊசிய மாத்துங்க, தட்டு தேயுதுல்ல'ன்னு சொன்னாங்க லாத்தா" என்றாள்.

"பாத்தீங்களா!" என்று டாக்டர் துள்ளினார். "பாட்டுக்குப் பாட்டு ஊசி மாத்தணும்னு அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு! இந்த ஊருல எனக்கு முன்னாடி ஒரே ஒரு ஆளு!"

"எனக்கு, 'புள்ள முழிச்சிருச்சு, சத்தத்தக் கொறைங்க'ன்னு," என்றார் கான்ஸ்டபிள். "என் தொப்பியில ஒடஞ்சுது."

"'இந்தப் பாட்டயே எத்தன தடவ போடுவீங்க'," என்றார் வெள்ளைச்சாமி, பெண்குரலில், கண்ணைச் சிமிட்டி.

"கண்ண சிமிட்டுனாங்களாடா? நீ பாத்தியா?"

"இல்ல லாத்தா. சொன்ன தோரணைக்கு அது வேணும்."

எட்டாம் நம்பர் திரும்பி வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து குதித்து ஓடிவந்தார். ஒரு குமிழி ஜன்னல் வழியாக ஏறி அடுத்த ஊர் வரைக்கும் டிக்கெட் இல்லாமல் வந்ததாகவும், நிறுத்தத்தில் உடைந்து 'அய்யய்யோ, அடுப்புல பாலு!' என்றதாகவும், அதைக் கேட்டு மூன்று பெண்கள் பாதி வழியில் இறங்கி வீட்டுக்கு ஓடிவிட்டதாகவும் சொன்னார்.

"குரலு எப்படி இருந்துச்சு?" என்றார் ஜெய்னம்பு. "அதச் சொல்லுங்க. என்ன சொன்னாங்கன்னு ஆளாளுக்குச் சொல்றீங்க. எப்படி இருந்துச்சு?"

மெல்லிசு என்றாள் மல்லிகேஸ்வரி. கனம் என்றார் கான்ஸ்டபிள். வெண்கலம் என்றார் இமாம். கொஞ்சம் மூக்கால் பேசுவார்கள் போல என்றார் கண்டக்டர். எல்லோரும் தங்களுக்குக் கேட்டபடி பேசிக்காட்ட, கொல்லை முழுக்க உம்மாக்களாக இருந்தது. தாடி வைத்த உம்மா, காக்கி போட்ட உம்மா, டிக்கெட் பை மாட்டிய உம்மா.

"போதும்! உங்க குரலக் கேக்கவா நான் இத்தன வருசம் இருந்தேன்?" என்றார் ஜெய்னம்பு. கூட்டம் வேலிப்பக்கம் ஒதுங்கியது. கடைசியில் காதர் மட்டும் கத்தியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"நீ என்னடா கேட்ட?"

"எனக்குப் பேச்சு இல்ல லாத்தா. சிரிப்பு. கத்திய ஓங்குனேன், நுனியில ஒடஞ்சுது, சிரிச்சாங்க." அவர் தலையைச் சொறிந்தார். "அத நான் எப்படிச் சிரிச்சுக் காட்டுவேன்? முடியாது. அப்படி ஒரு சிரிப்பு."

டாக்டர் இதற்குள் தட்டைத் தொட்டியிலிருந்து தூக்கி, யாரையும் பார்க்கத் தைரியமில்லாமல், மூடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டாவது மூடியை எடுத்தவர் அப்படியே நின்றார். தட்டின் நடுவில், பெட்டியின் முளையில் மாட்டுவதற்காக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அந்த ஓட்டையில், மூடிக்கு அடியில் கசிந்த நுரை, கண்ணாடிபோல ஒரு படலமாக இழுபட்டு நின்றது. ஒரு சுண்டைக்காய் அகலம். அதில் வண்ணங்கள் மெல்லச் சுழன்றன.

டாக்டர் முழுநிலாவை ஏந்தி வருபவரைப்போலத் தட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் அடியெடுத்து வந்தார். கூட்டம் தானாகவே காற்று வரும் பக்கம் திரும்பி, தோளோடு தோள் சேர்ந்து, சேலைகளையும் கைலிகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு சுவராக நின்றது. ஜெய்னம்பு முக்காட்டை நீக்கினார், தலையைச் சாய்த்தார், காதை அந்த ஓட்டையோடு வைத்தார்.

படலம் உடைந்தது.

அது என்ன சொல் என்று ஊருக்கு இன்றுவரை தெரியாது. ஒரே சொல்தான், ஒரு குழந்தையைக் கூப்பிடும் சொல், இடியாப்பம் பிழியும் பெரிய மனுஷிக்கு யாரும் வைக்கத் துணியாத ஏதோ ஒரு பட்டப்பெயர் என்பதைத் தவிர ஊரால் எதையும் கறக்க முடியவில்லை. ஊர் பார்த்தது இவ்வளவுதான்: ஜெய்னம்பு லாத்தாவின் கண் பெரிதானது, உதடு கோணியது, அழப்போகிறார் என்று மல்லிகேஸ்வரி முந்தானையை நீட்டினாள், அவர் சிரித்தார். உதட்டோடு, முக்காட்டுக்குள் முடிந்துவிடும் அவருடைய வழக்கமான சிரிப்பு இல்லை. மூக்கில் தொடங்கி, நடுவில் ஒரு விக்கல் விக்கி, வயிற்றுக்குள் இறங்கி அங்கிருந்து குலுங்கிக்கொண்டு ஏறிவரும் சிரிப்பு.

காதர் கத்தியைக் கீழே போட்டார். "இதுதான்! இதேதான் லாத்தா! அந்த விக்கலு! அந்த விக்கலோடதான்!"

ஜெய்னம்பு சட்டென்று நிறுத்தினார். "எது? நான் சிரிச்சதா?"

"நீங்க சிரிச்சது. அவங்க சிரிச்சது. அல்லாமேல ஆணையா ஒண்ணுதான்."

ஜெய்னம்பு டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர், முள் தேய்ந்துவிட்டதா என்று பாட்டைக் கவனிக்கும்போது சாய்ப்பதுபோலத் தலையை ஒருபக்கம் சாய்த்து யோசித்தார். "கரகரப்பே இல்ல லாத்தா," என்றார்.

ஜெய்னம்பு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் நன்றாக ஏறி உட்கார்ந்தார். "அவசரத்துல நான் சரியாக் கேக்கல," என்றார். "ஏ காதரு, சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் சொல்லுடா."

கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை சொல்லாமல் கறி வெட்டியதில்லை காதர். அன்றைக்கு அத்தனை பேர் பார்க்க, கைலியைப் பிடித்தபடி, வாயைத் திறந்து மூடி, மறுபடி திறந்து, ஒன்றும் கிடைக்காமல் நின்றார். அந்த நிற்பைப் பார்த்து ஜெய்னம்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கில் தொடங்கி, விக்கி, குலுங்கிக்கொண்டே அவர் முக்காட்டை ஒதுக்கிவிட்டுத் தன் காதைத் தானே கொடுத்துக் கேட்டார்.